பதினோரு பாட்டு, ஒரு விரல்

முதல் பாட்டு தொடங்கிக் கால் நிமிடம்கூட ஆகவில்லை, அந்தப் பள்ளம் வந்துவிட்டது. தும், துதும், தும் தும், துதும், தூ... அதற்கப்புறம் வர வேண்டியது வரவில்லை. மாடிப்படி இறங்கும்போது ஒரு படி குறைந்துபோனால் உடம்பு எப்படித் தூக்கிப்போடுமோ, அப்படித் தூக்கிப்போட்டது பிலவேந்திரனுக்கு. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் கண்ணை ஓட்டினார். யார் பார்க்கப்போகிறார்கள். ஆழ்வார்ப்பேட்டையின் இந்தச் சின்ன ஏசி அரங்கத்தில் சனிக்கிழமை மூன்று மணிக்குப் புது இசைத்தட்டு வெளியீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்த அறுபது எழுபது பேரும் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளம் வந்த இடத்தில் முன்வரிசையில் இரண்டு பேர் 'ம்ம்' என்றுகூடச் சொன்னார்கள். என்ன ம்ம்? பாயசத்தில் முந்திரியா அகப்பட்டது? முப்பத்தைந்து வருஷமாக பேஸ் கிட்டார் வாசிக்கிற மனுஷன் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறான், அவன் தவறவிட்ட சுரத்துக்கு ம்ம் போடுகிறார்கள். அடுத்த சுற்று வந்தது. இதோ, இதோ வரப்போகிறது, தூ... இல்லை. பிலவேந்திரனுக்குக் காது மடல் சுட்டது. நாலு நிமிடப் பாட்டில் பதினெட்டு இருபது தடவை இது வரும். பதினோரு பாட்டுக்கும் சேர்த்தால் இருநூறு. இருநூறு தடவையும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, கொடுக்கிற சமோசாவைத் தின்றுவிட்டு, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு 29சி பிடித்துப் பெரம்பூர் போய்ச் சேர வேண்டும்.

மடியில் கிடந்த மடிப்புத்தாளை மறுபடி விரித்தார். மேலே மூடிய உதடுகளின் படம், கீழே பெரிய எழுத்தில் 'மௌனம்'. அதுதான் இந்தத் தாளத்தின் பேர். ஜமைக்காவில் இப்படித்தான் செய்வார்கள் என்று இந்த இசைத்தட்டைத் தயாரித்த பையன் ஆருத்ரன் முதல் நாளே பாடம் நடத்தியிருந்தான். டிரம்ஸும் பேஸும் சேர்ந்த ஒரே ஒரு தாளக்கட்டை முதலில் பதிவு செய்துவிடுவார்கள், ஆளாளுக்கு வந்து அதன் மேல் தங்கள் பாட்டைப் பாடிவிட்டுப் போவார்கள், பத்துப் பேர் பாடினால் பத்துப் பாட்டு, அடியில் ஓடுவது ஒன்றே ஒன்று, அந்த ஒன்றுக்குத் தனியாக ஒரு பேரும் உண்டு. இவருக்கா தெரியாது? ஆருத்ரன் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னால், துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியம்மா பையன் ஒரு கப்பல்காரனிடமிருந்து வாங்கிவந்த கேசட்டில் அப்படி ஒரு தாளம் இரண்டு பக்கமும் ஓடியது. ரயில்வே குவார்ட்டர்ஸில் நாடா சிக்கிக்கொள்ளும்வரை போட்டுக் கேட்டார். பேஸ் என்பது பாட்டுக்கு அடியில் போட்ட சாக்கு இல்லை, பேஸ்தான் பாட்டு, பாடுகிறவர்கள் வந்துபோகிற விருந்தாளிகள் என்று அந்தக் கேசட்டில்தான் அவருக்குத் தெரிந்தது. அதற்காகத்தான் கிட்டாரைத் தொட்டார். தொட்டு என்ன, பிறகு வாசித்ததெல்லாம் யாருக்கும் கேட்காத பேஸ். சினிமாவில் எத்தனை வாசித்தார் என்று அவருக்கே நினைவில்லை. டீக்கடையில் தன் பாட்டு ஓடும்போது ஜெசிந்தாவின் தோளைத் தொட்டு, "கேளு, அடியில கேளு" என்பார். அவளும் பாவம், கட்டின புருஷனுக்காகக் கேட்கிற மாதிரி தலையை ஆட்டுவாள். ஐம்பத்தேழு வயதில் கடைசியாக ஒரு இசைத்தட்டு, பேஸ் ராஜாவாக உட்கார்ந்து ஆளுகிற தட்டு, முக்கால் மணி நேரம் அவருடைய கையே ஓடுகிற தட்டு வந்து வாய்க்கிறது, வாய்த்து, அதில் இந்த ஓட்டை. அந்த ஓட்டைக்கு விளக்கவுரை வேறு. ஆருத்ரன் எழுதியிருந்தான்: 'ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு சுரத்தை வேண்டுமென்றே நீக்கியிருக்கிறேன். குரலற்றவர்களின் மௌனம் அது.' நீக்கினானாம். வேண்டுமென்று நீக்கினானாம். யாருடைய கையிலிருந்து யார் எதை நீக்குவது?

இரண்டாவது பாட்டு தொடங்கியது. வேறு குரல், வேறு வரிகள், கடலைப் பற்றி ஏதோ, அடியில் அதே தும், துதும். இதைப் பதிவு செய்தது கோட்டூர்புரத்தில் ஆருத்ரன் வீட்டு மாடி அறையில், ஜனவரி மாதம், காலை பதினோரு மணிக்கு. அன்று விரல் சொன்னபடி கேட்காது என்று தெரிந்தேதான் போனார். அந்தக் கடைசிச் சுரத்துக்கு இடது கை மோதிர விரலை நீட்ட வேண்டும். நீட்டினால் அது உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்கிறது. அதனால் ஆள்காட்டி விரலாலேயே கம்பியில் சறுக்கி மேலே போய் அந்தச் சுரத்தைத் தொட்டுவிட்டு வருவது என்று வீட்டில் நாலு நாள் பழகிக்கொண்டு போயிருந்தார். ஒருவருக்கும் தெரியாது. அன்று பன்னிரண்டு சுற்று வாசித்தார், பதினோரு சுற்றில் சறுக்கித்தான் தொட்டார், சுத்தமாக இருந்தது. ஏழாவது சுற்றில் மட்டும், கை சூடேறியிருந்த தைரியத்தில், பழைய கொழுப்பில், மோதிர விரலை நம்பி நீட்டினார். அது சுருண்டுகொண்டது. ஒரு சுரம் போனது. போனால் என்ன, மற்றப் பதினொன்றில் ஒன்றை எடுத்துக்கொள்வான் என்று இருந்தார். அந்தப் பையன் எதை எடுத்தான்? பன்னிரண்டு சுற்றில் அந்த ஏழாவதைத்தான் வெட்டி எடுத்தான். எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "இன்னொண்ணு எடுத்துரலாமே தம்பி, கடைசில கொஞ்சம்..." என்று இவர் இழுத்தார். "கடைசில என்ன அண்ணா?" என்று கேட்டான். நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் கேட்டான். "ஒண்ணுமில்ல" என்றார் பிலவேந்திரன். ஒண்ணுமில்ல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ரெக்கே என்கிற அந்த ஜமைக்கா சங்கீதத்தில் பைத்தியம் பிடித்த பையன், விடுவதைத்தான் வாசிப்பு என்று படித்தவன். முதல் அடியையே காலியாக விட்டுவிட்டுத் தொடங்குகிற சங்கீதம் அது. அவனுக்கு எது பள்ளம், எது வேலைப்பாடு என்று எப்படித் தெரியும்? மெல்லிசைக் குழுவில் ஒரு நாள் வாசித்திருந்தால்கூட 'அண்ணே, கடைசில போயிருச்சு' என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பான். இவன் சொன்னது, "அண்ணா, இதுலதான் உயிர் இருக்கு."

உயிர். விரலில் உயிர் இல்லாததை அவன் பாட்டின் உயிர் என்கிறான். பிலவேந்திரன் மடிப்புத்தாளுக்கு அடியில் இடது கையை வைத்து மோதிர விரலை நீட்டிப் பார்த்தார். நீண்டது. மடக்கினார், மடங்கியது. சட்டைப் பொத்தான் போடும்போது, தண்ணீர்ச் செம்பைத் தூக்கும்போது, பஸ் கம்பியைப் பிடிக்கும்போது ஒரு குறையும் இல்லை. கிட்டாரின் கழுத்தைப் பிடித்தால்தான் அதற்குப் பேய் பிடிக்கும். டாக்டரிடம் காட்டியபோது அவர் இவரைக் கையைத் தூக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். எல்லாம் செய்தார். "வாசிக்கும்போது மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டு ஒரு பேர் சொன்னார். வாசிக்கிறவர்களுக்கு, அதிகம் எழுதுகிறவர்களுக்கெல்லாம் வருமாம். சில நாள் கேட்குமாம், சில நாள் கேட்காதாம். "வாசிக்காம இருந்து பாருங்களேன்" என்றார். தண்ணீர் குடிக்காமல் இருந்து பாருங்களேன் என்கிற மாதிரி. வெளியே வந்து மருந்துச் சீட்டைக் கசக்கிப் போட்டார். போட்டுவிட்டு யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாதா? கீபோர்டு வாசித்த சிவநேசனுக்கு ஒரு காது மந்தம் என்று யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். அவ்வளவுதான், அவர் போன் அடங்கிப்போனது. யாரும் கெட்டவர்கள் இல்லை, யாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, கூப்பிடவில்லை, அவ்வளவே. பிலவு அண்ணனுக்குக் கை போச்சாம் என்று ஒரு வாய் சொன்னால் போதும். கையா போச்சு? ஒரு விரல். அதுவும் ஒரு நேரம். அதை யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

ஐந்தாவது பாட்டு அமுலுவினுடையது. பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். காசிமேட்டுப் பெண், முப்பது வயசுக்கு நாற்பது வயசுக் குரல், மேடைக் கச்சேரிகளில் பாடுகிறவள். தன் குரல் தொடங்கியதும் வெட்கப்பட்டுத் துப்பட்டாவை வாயில் கவ்விக்கொண்டாள். குரல் மேலே மேலே ஏறிக்கொண்டே போய், அந்தப் பள்ளம் வந்ததும் நின்று, ஒரு மூச்சு கேட்டது, பிறகு மறுபடி ஏறியது. தாளம் அவளுக்காகவே நின்று வழிவிட்ட மாதிரி இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருப்பதுதான் பிலவேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. பாட்டு முடிந்ததும் அமுலு அவர் பக்கம் சாய்ந்தாள்.

"இன்னாண்ணா, மூஞ்ச இப்டி வச்சினுகீறீங்க? நல்லா இல்லியா?"

"நல்லாப் பாடியிருக்கம்மா."

"நீங்க உடுறீங்க பாருங்க அந்த எடம், அங்கதாண்ணா நான் மூச்சு வாங்குறேன். எனுக்கு வீசிங்கு கீது. மத்த பாட்டுல எங்க மூச்சு வாங்குறதுன்னு தெரியாம சாவுவேன். இதுல எனுக்குன்னே உட்ட மாரி கீது."

நான் விடலம்மா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. இவள்மேல் எப்படிக் கோபப்படுவது? ஆருத்ரன்மேல் படலாம், ம்ம் போடுகிறவர்கள்மேல் படலாம், இந்தப் பெண் மூச்சு வாங்குகிற இடத்தின்மேல் எப்படிப் படுவது? கோபத்தைக்கூட நிம்மதியாக வைத்துக்கொள்ள விடமாட்டேன் என்கிறார்களே. ஆறாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பையன் படபடவென்று பேசிக்கொண்டே போனான், பள்ளம் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்த மாதிரி வாயை மூடிக்கொண்டான். ஒவ்வொருத்தரும் அந்தப் பள்ளத்தில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இவள் மூச்சை, அவன் கடித்த பல்லை, மூன்றாவது பாட்டுக்காரன் ஒரு சிரிப்பை. எல்லோருக்கும் உபயோகப்படுகிறது, உடையவனைத் தவிர. அதை நிரப்ப வேண்டும் என்று தோன்றுகிற ஒரே ஒரு ஆள்கூட இல்லையா இந்த ஊரில்? இருந்தாள். ஜெசிந்தா. பிலவேந்திரனுக்கு முதுகு நிமிர்ந்தது. இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ் வாசிக்கிற கோவிலில் ஜெசிந்தா காணிக்கைப் பாட்டின் மூன்றாவது வரி முடிகிற இடத்தில் கத்துகிறாள். பாடகர் குழுவில் பன்னிரண்டு பேர் பாடும்போது அவள் குரல் மட்டும் அங்கே துருத்திக்கொண்டு நிற்கிறது, தவக்காலத்துக்கு முன்னாலிருந்தே. இவர்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே, "ஏன் அங்க மட்டும் அப்டிக் கத்துற, பக்கத்துல நிக்க முடியல" என்று சத்தம் போட்டார். "எனக்கு அந்த எடம் புடிக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். மூன்றாவது வரி முடிகிற இடம். பேஸ் மேலே போக வேண்டிய இடம். மோதிர விரலின் இடம்.

அப்படியானால் அவளுக்குத் தெரியும். இருபத்தொன்பது வருஷமாக, அடியில் கேளு என்று தோளைத் தொட்டதற்கெல்லாம் சும்மா தலையாட்டுகிறாள் என்று நினைத்திருந்தோமே, அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எது இல்லை என்று தெரிகிற அளவுக்குக் கேட்டிருக்கிறாள். தெரிந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொண்டையைக் கொடுத்து அந்தப் பள்ளத்தை மூடியிருக்கிறாள், அதற்கு வாங்கிக்கட்டியும் இருக்கிறாள். இன்று காலையில் கிட்டார்ப் பெட்டியை எடுத்தபோது வாசலில் வந்து நின்றாள். "அது எதுக்கு?" "போட்டோ புடிக்கணுமாம்." "வாசிக்கச் சொன்னா கைவலின்னு சொல்லிட்டு எறங்கிடுங்க" என்றாள். யார் வாசிக்கச் சொல்லப்போகிறார்கள் என்று இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது கோபம் இன்னும் ஏறியது. ஒருத்தி தன் குரலால் மூடின இடத்தை இன்னொருத்தன் படம் போட்டுப் பேர் வைத்து ஊருக்கே திறந்து காட்டுகிறான். எட்டாவது, ஒன்பதாவது, எந்தப் பாட்டு என்பது தெரியாமல் போனது, தும், துதும், தூ..., பள்ளம், தூ..., பள்ளம். எழுந்து சொல்லிவிட்டால் என்ன? சொன்னால் போன் அடங்கும். சொல்லாவிட்டால், நாளைக்கு இவர் செத்த பிறகும் அந்த ஓட்டை ஓடிக்கொண்டிருக்கும், பிலவேந்திரன் என்று ஒருவன் இருந்தான், ஒரு பையன் விடச் சொன்ன இடத்தில் ஒழுங்காக விட்டான் என்று. இரண்டில் எது மோசம் என்று யாராவது சொல்லட்டும். பதினோராவது பாட்டு முடிந்தது. விளக்குப் போட்டார்கள். கைதட்டல் ஓய்வதற்கு வெகுநேரம் ஆனது.

ஆருத்ரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். பிறகு பிலவேந்திரனைப் பார்த்துக் கையை நீட்டினான். "இந்தத் தாளத்த யாரும் இதுவரைக்கும் தனியா கேட்டதில்ல. பாட்டு இல்லாம, டிரம்ஸ் இல்லாம, வெறும் பேஸா அண்ணா வாசிச்சுக் காட்டுவாங்க. வாங்க அண்ணா, ரெண்டு நிமிஷம்." மேடையில் ஒரு நாற்காலியும் ஸ்பீக்கர் பெட்டியும் முன்பே வைத்திருந்தார்கள். போட்டோவாம். கைவலி என்று சொல்லலாம். ஜெசிந்தா சொல்லிக்கொடுத்தே அனுப்பியிருக்கிறாள். ஆனால் கால் அதற்குள் நடந்துவிட்டது. உட்கார்ந்து ஒயரைச் சொருகி, கிட்டாரின் கழுத்தைப் பிடித்தபோதுதான் உறைத்தது. இங்கே பயப்பட ஒன்றுமே இல்லை. விரல் வராவிட்டால் அதுதான் சரி. உலகத்திலேயே இந்த ஒரு தாளத்தை மட்டும் அவர் சாகும்வரை பிசகில்லாமல் வாசிக்கலாம், யாருக்கும் தெரியாது, எல்லோரும் ம்ம் போடுவார்கள். அந்த நினைப்பு வந்ததும் பிலவேந்திரனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிச்சையா போடுகிறீர்கள்? தொடங்கினார். தும், துதும், தும் தும். வெறும் பேஸ், அந்த அரங்கத்தின் தரை வரைக்கும் இறங்கியது. துதும், தூ... ஆள்காட்டி விரலால் சறுக்கவில்லை. மோதிர விரலை நீட்டினார், வா என்று நீட்டினார். அது வந்தது. ஆறு மாசமாக வராதது நேராகப் போய்க் கம்பியில் உட்கார்ந்தது. சுரம் முழுசாக எழுந்து, சுற்று மூடிக்கொண்டது. இப்படித்தான் இருந்தது இது. இப்படித்தான் அவர் கட்டியிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணா, அண்ணா, ஒரு செகண்டு." ஆருத்ரன் சிரித்துக்கொண்டே அருகில் வந்தான். "அங்க விடணும்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "பழக்கதோஷம். வாசிக்கிறவங்களுக்கு விடறதுதான் ரொம்பக் கஷ்டம்" என்றான். கூட்டம் சிரித்தது, கெட்ட சிரிப்பு இல்லை, செல்லச் சிரிப்பு. முன்வரிசைக்காரர் ஒருவர், பரவாயில்லை சார், மறுபடி வாசிங்க என்று கையைக் காட்டினார். பிலவேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி தொடங்கினார். தும், துதும். இந்த முறை இன்னும் அழுத்தி வைக்கப்போகிறேன், கேளுங்கள், காது இருந்தால் கேளுங்கள். தும் தும், துதும், தூ... நீட்டினார். மோதிர விரல் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டது. அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பள்ளம் முழு அகலத்துக்கும் திறந்து கிடந்தது. அப்புறம் கைதட்டினார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆருத்ரன் கண்கலங்கி, "அதேதான் அண்ணா, அதேதான்" என்றான்.

பிலவேந்திரன் கிட்டாரை மடியில் படுக்கவைத்துவிட்டு, ஆருத்ரன் கையிலிருந்த மைக்கை எடுத்துக்கொண்டார். கைதட்டல் அடங்குகிறவரை காத்திருந்தார். அமுலு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எதயும் விடல" என்றார். குரல் நடுங்கவில்லை, அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "இந்தத் தம்பியும் எதயும் நீக்கல. எனக்கு இந்த விரல் வர்றதில்ல. ஆறு மாசமா வாசிக்கும்போது வர்றதில்ல. அன்னிக்கு ரெக்கார்டிங்லயும் வரல, சொல்லப் பயந்துகிட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். இப்பவும் வரல. எழுந்து நின்னு கைதட்டுனீங்களே, அது வராததுக்கு. மொத தடவ வந்துச்சு. நீங்க சிரிச்சீங்க. அதான் பாட்டு."

பின்வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ஆருத்ரன் முகம் வெளிறி, "அண்ணா, அத அப்புறம் பேசிக்கலாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மைக்குக்காகக் கையை நீட்டினான். பிலவேந்திரன் கொடுக்கவில்லை. இடது கையில் வைத்திருந்தார். மோதிர விரலோடு சேர்த்து ஐந்து விரலும் அதை இறுக்கிப் பிடித்திருந்தன.